பெரியம்மா 81, சித்தி 66

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு சாம்பல் நிறத் துணிக்கு இஸ்திரி போட்டது. இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிடும் துணி. அம்மா அங்கே புகைப்படக்காரி. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"திங்கக்கிழமை பெரியம்மா கீழ வந்துடுவா. அவ கண்ணுல ஒரு சுருக்கம் தப்பாது," என்றாள்.

பெரியம்மா என்பது ஆஸ்பத்திரி புதிதாக வாங்கியிருந்த கேமரா. பெயர் வைத்தவள் அம்மாதான்.

சாப்பாட்டு மேசைமேல் போர்வையை விரித்து, அம்மா தேய்த்தாள். நான் மறுமுனையை இழுத்துப் பிடித்தேன். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "என்ன, கப்பலுக்குப் பாய் தேய்க்கறீங்களா?"

"ஆமா. ஏறிப் போயிடலாம்னு இருக்கேன். நீங்க வரீங்களா?"

"சாப்பாடு உண்டுன்னா வரேன்."

"இழுத்துப் பிடிடி," என்றாள் என்னிடம். "தூங்கறியா?"

மறுநாள் காலை ஏழு பத்துக்கு, வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இதயம். ஐம்பத்தேழு வயது. இருபத்தேழு வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். அவசரப் பிரிவு நர்ஸ் முகத்தைப் பார்த்ததும், "ஐயோ, போட்டோக்கா," என்றாள். பிறகு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டருக்குச் செய்ய எதுவும் மிச்சம் இல்லை.

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அம்மா போட்டோக்காதான். கண்காணிப்பாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் அறை அடித்தளத்தில் இருந்தது, எக்ஸ்ரே பிரிவுக்கும் சலவை அறைக்கும் நடுவில். பன்னிரண்டடிக்குப் பத்தடி. ஜன்னல் கிடையாது. தரையில் மஞ்சள் பெயின்டில் இரண்டு பாதங்கள் வரைந்திருக்கும். நோயாளி அங்கே நிற்க வேண்டும். அதிலிருந்து சரியாக ஒன்றரை மீட்டரில் ஒரு கோடு. அம்மா அங்கே நிற்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் எடுத்த படமும் ஆறு மாதம் கழித்து எடுக்கும் படமும் ஒரே தூரம், ஒரே வெளிச்சம், ஒரே லென்ஸ் என்று இருந்தால்தான் டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இல்லாவிட்டால் புண் சின்னதாகிவிட்டதா, கேமரா தள்ளிப் போய்விட்டதா என்று தெரியாது. இருபத்தேழு வருஷம் அம்மா அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. எந்த டாக்டரும் அவள் படத்தை இன்னொரு தடவை எடுக்கச் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு.

தீக்காயம், ஆறாத புண், கோணலாக ஒட்டிய எலும்பு, வெட்டி எடுக்கப்போகிற கட்டி. பக்கத்தில் ஒரு காகித அளவுகோலை ஒட்டி வைத்து எடுப்பாள். கூச்சப்படுகிறவர்களிடம், "முகம் வராதுங்க, கால் மட்டும்தான். சிரிக்கணும்னா காலைச் சிரிக்கச் சொல்லுங்க," என்பாள். பதினைந்து வருஷமாக அதே ஜோக். எனக்கே அலுத்துவிட்டது. "உனக்குப் பழசு. வர்றவங்களுக்குப் புதுசுதானே?" என்பாள்.

இந்த வேலைக்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு ஸ்டூடியோவில் இருந்தாள். பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் எடுத்த படங்களில் முகத்துப் புள்ளிகளைப் பென்சிலால் மறைக்கும் வேலை. "முதல்ல பருவை அழிச்சேன், அப்புறம் பருவை அளந்தேன்," என்று தன் வாழ்க்கை வரலாற்றை ஒரே வரியில் சொல்லிவிடுவாள். அந்த அறைக்கும் ஜன்னல் இல்லை.

வெயில் காலத்திலும் பையில் குடை இருக்கும். காலை எட்டரைக்குக் கீழே இறங்கினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் மேலே வருவாள். நடுவில் வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. உள்ளே வருகிற நோயாளியின் தோளைப் பார்ப்பாள். ஈரமாக இருந்தால் மழை. யாரும் வராத மத்தியானங்களில் எனக்கு போன் செய்வாள்: "அங்க வெயிலா?" எனக்கு வேலை நெருக்கடி இருக்கும். "வெயில்தான்மா, வைக்கிறேன்," என்பேன்.

கேமராவைத் தொட்டால் அந்த அறை அவளுடன் கூடவே வந்துவிடும். நான் பட்டம் வாங்கிய அன்று மைதானத்தில் எல்லா அம்மாக்களும் பிள்ளைகளைப் படம் எடுத்தார்கள். என் அம்மா என்னை முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று எடுத்தாள். மூன்றும் ஒரே தூரத்திலிருந்து. அப்பாதான் சொன்னார்: "விடும்மா, உன் உடம்புல எங்க காயம்னு தேடறா."

போன வருஷம் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் நடைக்கூடம் திறந்தார்கள். முழங்கால் மாற்றியவர்கள், பக்கவாதத்திலிருந்து எழுந்தவர்கள், செயற்கைக் கால் பொருத்தியவர்கள் அங்கே நடந்து பழகுவார்கள். முப்பது மீட்டர் நீளக் கூடம். ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். அவர்கள் நடப்பதைப் படம் எடுத்து, எந்த அடியில் கால் இழுக்கிறது, எந்த அடியில் இடுப்பு சாய்கிறது என்று பார்க்க வேண்டும். அம்மாவை ஒரு வாரம் அங்கே அனுப்பினார்கள்.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னிக்கு ஒருத்தர் ஓடினாருடி," என்றாள். "நாலு அடிதான். ஆனா ஓட்டம். ரெண்டு காலும் தரையில இல்ல."

ஆனால் பழைய கேமராவால் முடியவில்லை. ஃபோகஸ் பிடிப்பதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார். கூடத்தின் பொறுப்பில் இருந்த அக்கா, "போட்டோக்கா, உங்க கேமரா முழிச்சுக்கறதுக்குள்ள பேஷன்ட் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கே போயிடறார்," என்று கேலி செய்தாளாம். அம்மா வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வாரக் கடைசியில் தேறிய படங்கள் அறுபத்தொன்று. திங்கட்கிழமை அம்மா மறுபடியும் அடித்தளத்துக்கு இறங்கினாள்.

இந்த வருஷம் புது கேமராவுக்கு அனுமதி வந்தது. ஒன்றே ஒன்று. விற்பனைக்காரர் இரண்டைக் கொண்டுவந்து, பத்து நாள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டுப் போனார். இரண்டும் மிர்ரர்லெஸ் வகை. பழைய கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கும், ஒவ்வொரு படத்துக்கும் அது டக்கென்று மேலே எழும்பி இறங்கும். இவற்றில் அது இல்லை. சத்தமில்லாமல் எடுக்கலாம்.

ஒன்று கனமானது. அறுபது மெகாபிக்சல். தோலின் ஒவ்வொரு வரியும், சிவப்பில் ஒவ்வொரு படியும் அதில் தெரியும். ஆனால் நிதானம். ஸ்டாண்டில் நிறுத்தி, மூச்சைப் பிடித்து எடுக்க வேண்டும். மற்றது கைக்கு அடக்கமானது. இருபத்துநாலு மெகாபிக்சல்தான். ஆனால் நொடிக்கு இருபது படம் எடுக்கும். நடக்கிற ஆளின் கண்ணைப் பிடித்துக்கொண்டால் விடாது.

அம்மா ஒரு நிமிஷம் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவ பெரியம்மா. உட்கார்ந்த இடத்துலேர்ந்து வீட்டுல எல்லார் குத்தத்தையும் பார்த்துடுவா. இவ சித்தி. கால் ஒரு இடத்துல நிக்காது."

ஒரு வாரத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க அதே பெயர்தான்.

கண்காணிப்பாளர் ஒன்று சொல்லியிருந்தார். பெரியம்மாவை வாங்கினால் அது காயங்களுக்கு, அடித்தளத்துக்கு. சித்தியை வாங்கினால் அது நடைக்கூடத்துக்கு. எந்த கேமராவோ அதோடு போட்டோக்கா. அடித்தளத்தில் பழைய கேமராவை வைத்து நர்ஸ்களே எடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அந்த மூன்று வருஷத்தை எங்கே கழிப்பது என்பது அவள் எழுதிக் கையெழுத்துப் போடப்போகிற பரிந்துரையில் இருந்தது.

"நானே எழுதினா, ஜன்னலுக்கு ஆசைப்பட்டு எழுதிட்டான்னுதான் சொல்வாங்க," என்றாள் என்னிடம். "நீ கணக்காப் போட்டுக் குடு. நம்பர்னா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

என் தொழில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. தராசு, வெப்பமானி, அழுத்தமானி. எது எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துச் சான்றிதழ் கொடுப்பேன். அம்மா சரியான ஆளிடம்தான் வந்திருந்தாள்.

அவள் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சோதிக்க என்று, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டையும் வீட்டுக்கு எடுத்துவந்தாள். காலையில் நிலைப்படச் சோதனை. அப்பாவின் இடது உள்ளங்கையில் லேத் பட்டறைக் காலத்து வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு. அதை இரண்டிலும் எடுத்தோம். பெரியம்மாவில் தழும்பின் ஓரத்துத் தையல் புள்ளிகள்கூடத் தெரிந்தன. அப்பாவே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நாப்பது வருஷமா என் கைதான் இது. ஏழு தையல்னு இன்னிக்குத்தான் தெரியுது." வண்ண அட்டை, அளவுகோல், குறைந்த வெளிச்சம் எல்லாம் பார்த்தேன். நிலைப்படத்தில் பெரியம்மா நூற்றுக்கு 82. சித்தி 65.

மத்தியானம் அசைவுச் சோதனை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அப்பாவை ஓடச் சொன்னோம்.

"இந்த வயசுல ஓட வச்சு என்ன பண்ணப் பாக்கறீங்க ரெண்டு பேரும்?"

"சும்மா ஓடுங்க. காய்கறிக்காரன் போயிட்டான்னு நெனச்சுக்கங்க."

அப்பா ஓடினார். பெரியம்மாவுடன் அம்மா சுவரோரம் நின்று எடுத்தாள். தொண்ணூறு படத்தில் தேறியது இருபத்தேழு. அடுத்து சித்தி. முதல் தடவை நின்றே எடுத்தாள். இரண்டாம் தடவை, அப்பாவுக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே எடுத்தாள். மூன்றாம் தடவை பின்னோக்கியே ஓடினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கேமராவை முகத்தில் வைத்துக்கொண்டு, "இன்னும் வேகமா, இன்னும் வேகமா," என்று கத்தினாள். எதிர்வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது. அப்பா மூச்சு வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்த பிறகு நாயைத் துரத்திக்கொண்டு போனாள். சந்தின் முனைவரை போய்விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

நான் குறித்துக்கொண்டேன்: சித்தியில் நானூற்றுப் பன்னிரண்டு படம், ஃபோகஸ் சரியானவை முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. அசைவில் பெரியம்மா 30. சித்தி 95.

இனி இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்க வேண்டும். நிலைப்படத்துக்கு எத்தனை பங்கு, அசைவுக்கு எத்தனை பங்கு? அம்மாவின் போன வருஷப் பதிவேட்டை எடுத்தேன். மொத்தம் 3,473 படங்கள். அசையாதவை 3,412. அசைந்தவை, நடைக்கூடத்து வாரத்தில் எடுத்த 61. அந்த விகிதத்தையே வைத்தேன். பெரியம்மா 81. சித்தி 66.

ஒரே பக்கத்தில் சுத்தமாக அச்சடித்துக் கொடுத்தேன். அம்மா சமையலறை விளக்கடியில் நின்று படித்தாள். விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இந்த 61 எங்கேர்ந்து வந்தது?"

"உன் பதிவேட்டுலேர்ந்துதான்மா."

"அந்த ரூமுக்கு ஓடறவங்க யாரும் வர மாட்டாங்களேடி."

"அதுக்கு நான் என்ன பண்றது? நடந்ததைத்தானே எண்ண முடியும்?"

"சரிதான்." விரலை எடுக்காமல், "சித்தியை வாங்கினா நானும் அவகூட மேல போயிடுவேன். அது இதுல எங்கயும் வராதா?"

"அதையெல்லாம் சேர்க்கக் கூடாதும்மா. அப்புறம் நடுநிலையா இருக்காது. நீதானே யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னே?"

"நான் சேர்க்கச் சொல்லலையே. கேட்டேன், அவ்வளவுதான்."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். புதன்கிழமை அதன் கீழே பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். "கண்காணிப்பாளர் உன் கணக்கைப் பார்த்து அசந்துட்டாரு. உங்க பொண்ணுன்னா பொண்ணுதான்னாரு." எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் போன பிறகு அந்தக் காகிதத்தை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. பிழை வேறு இடத்தில். ஜன்னல் இல்லாத பன்னிரண்டடி அறைக்குள் எடுத்த படங்களை எண்ணி, இவள் வேலைக்கு அசைகிறவர்கள் தேவையில்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன். பூட்டிய அறையில் வைத்த வெப்பமானியைப் பார்த்து ஊருக்கே வானிலை சொன்ன மாதிரி. என் படிப்பில் இது முதல் வருஷப் பாடம். இதே தப்பைச் செய்த இரண்டு ஆய்வகங்களுக்குச் சான்றிதழ் மறுத்திருக்கிறேன். நூறு படத்துக்கு இருபத்தொன்று அசைகிறவர்களுடையது என்று வைத்திருந்தால் சித்தி ஜெயித்திருப்பாள். நடைக்கூடத்தில் ஒரு நாளைக்கு முப்பது பேர் நடக்கிறார்கள். போன் செய்து கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் போனேன். அம்மாவிடம் ஆஸ்பத்திரிப் பொருள் எதுவும் இல்லை என்று அங்கே ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். சாவி, அடையாள அட்டை, வெள்ளைக் கோட்டு ஆகியவற்றை ஒப்படைத்தேன். ஸ்டோர்க்காரர் அம்மாவைவிட இரண்டு வயது பெரியவர். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். மறுபடியும் திறந்தார்.

"நீதானேம்மா அந்தக் கணக்கு போட்டுக் குடுத்தது?"

"ஆமா சார்."

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அம்மா உன்கிட்ட எதுவும் சொன்னாங்களா? வெள்ளிக்கிழமை பத்தி?"

"எந்த வெள்ளிக்கிழமை?"

அவர் உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார்.

கையெழுத்துப் போட்ட மறுநாள், வியாழக்கிழமை மத்தியானம், அம்மா ஸ்டோருக்கு வந்திருக்கிறாள். கவுன்டருக்கு வெளியே நின்று, "அண்ணா, போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கலாமா?" என்று கேட்டாளாம்.

"வாங்கலாம் போட்டோக்கா. நாளைக்கு அஞ்சு மணிக்கு விற்பனைக்காரர் வந்து வேண்டாததை எடுத்துட்டுப் போறார். அதுக்கு முன்னாடி ஒரு மனு எழுதிக் குடுங்க. காரணம் மட்டும் இருக்கணும். காரணம் இல்லாம கண்காணிப்பாளர் ஏத்துக்க மாட்டார்."

"என்ன காரணம் எழுதறது?"

"கணக்குல தப்பு இருக்குன்னு எழுதுங்க. அது போதும்."

அதற்கு அம்மா, "என் பொண்ணு போட்டது அண்ணா. அவ பேரு கீழ இருக்கு. அவ ஆபீஸ் பேரும் இருக்கு. தப்புன்னு எழுதினா நாளைக்கு அவளுக்கு ஒரு பேச்சு வரும்," என்றாளாம்.

"அப்ப வேற காரணம் எழுதுங்க."

"யோசிச்சுக்கிட்டு நாளைக்கு வரேன். அதுவரைக்கும் சித்தியை அனுப்பிடாதீங்க."

இவர் மனுத்தாளை எடுத்து, அவளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று பெயர், பணி எண், பிரிவு எல்லாம் தானே எழுதி வைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை விற்பனைக்காரர் நாலே முக்காலுக்கே வந்துட்டார்," என்றார். "டீ வாங்கிக் குடுத்து உட்கார வச்சேன். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், எழுந்து எழுந்து பார்த்தேன். போனும் பண்ணினேன். எடுக்கலை. அஞ்சே கால் வரைக்கும் பார்த்தேன்மா. அதுக்கு மேல அவரும் எத்தனை டீதான் குடிப்பார்?"

அங்கிருந்து நேராக அடித்தளத்துக்குப் போனேன். அம்மாவின் அறையில் இப்போது ஒரு புதுப் பெண் இருக்கிறாள். கோட்டில் நின்று பெரியம்மாவின் ஸ்டாண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கொடுத்தாள். அந்த வெள்ளிக்கிழமை கடைசி வரி அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. நாலு முப்பத்தைந்து. பெண், முப்பத்தொரு வயது, தீக்காயம், இரண்டு கை, கழுத்து. இருபத்துமூன்று படங்கள். முடித்தது ஐந்து இருபது.

அவசரம் என்று எழுதவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷம் உட்காருங்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே போய் வந்திருக்கலாம். அந்தப் பெண் வந்ததால் போகவில்லையா, எழுதக் காரணம் எதுவும் கிடைக்காததால் அந்தப் பெண்ணோடு இருந்துவிட்டாளா? இதைச் சொல்ல என்னிடம் எந்தக் கருவியும் இல்லை. மறுநாள் சாயங்காலம் அந்தத் துணியைத் தேய்த்தபடி என்னோடு முக்கால் மணி நேரம் நின்றிருந்தவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்ப ஸ்டோருக்கு ஏறி வந்தேன். அந்த மனுத்தாளைக் கேட்டேன்.

"தர முடியாதும்மா. ஃபைல் நம்பர் போட்டாச்சு," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணா பார்த்துக்க," என்று ஃபைலை என் பக்கம் திருப்பினார்.

பெயர் இருந்தது. பணி எண் இருந்தது. பிரிவு: புகைப்படம், அடித்தளம். காரணம் என்பதற்குக் கீழே நாலு கோடு காலி. அதில் ஒரு வரி எழுதி, அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் இந்தக் கவுன்டரில் கொடுத்திருக்க வேண்டும்.